நள்ளிரவில் மூட்டிய நெருப்பு

நேயர்களுக்கு வணக்கம். ரயில்வே பாரம்பரியம் என்றால் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1910-இல் கட்டி முடிந்த கோலாலம்பூர் நிலையத்தின் குவிமாடங்கள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அழகான கட்டடம்தான். ஆனால் அதே ஊரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நம் தமிழர்கள் ஏன் இப்படி நெருங்கிக் குடியிருந்தார்கள் என்று கேட்டால், நான் நீராவி இன்ஜினைத்தான் காட்டுவேன்.

ஆறிப்போன இன்ஜினை நினைத்ததும் கிளப்ப முடியாது. முதலில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் சூட்டில் தகடு இளகித் தொய்ந்துவிடும், கொதிகலனே வெடிக்கலாம். பிறகு எண்ணெய்த் துணியும் விறகும் வைத்து மூட்டி, நன்றாகப் பிடித்ததும் கரி போடுவார்கள். சிலாங்கூரின் பத்து ஆராங் என்ற ஊரின் சுரங்கக் கரி வெகுகாலம் இங்கே எரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய்க்கு மாறினார்கள். நெருப்பை மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தகடுகள் ஒரே சீராக விரியாது, குழாய் முனைகள் ஒழுக ஆரம்பிக்கும். அழுத்தம் ஏற 4 முதல் 6 மணி நேரமாவது ஆகும். ஆக, காலை 6 மணி வண்டிக்கு நள்ளிரவிலேயே ஆள் வந்து நிற்க வேண்டும்.

அந்த நேரத்தில் பஸ் ஏது? கூப்பிடு தூரத்தில் ஆட்கள் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் தண்டவாளத்தை ஒட்டியே குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். குடும்பம் வந்தது, பின்னாலேயே கடையும் கோயிலும் வந்தன.

குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் இலங்கைத் தமிழர் அதிகம். தண்டவாளத்திலும் பட்டறையிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதிகம். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் இலங்கைத் தமிழர் எழுப்பியது. ஒரே ரயில்வேயில் சம்பளம் வாங்கியும் இரு தரப்பும் தனித்தனியாகத்தான் புழங்கினார்கள். இதை நாம் இன்னும் கொஞ்சம் மழுப்பித்தான் பேசுகிறோம்.

செந்தூலிலிருந்து பத்துமலைக்குப் போகும் கிளைப்பாதை சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காகப் போட்டது. 2010-இல் மின்சார ரயில் வந்தது. அதற்கு நெருப்பு மூட்ட ஆள் வேண்டாம். ஆனாலும் தைப்பூசம் வந்தால் அந்தத் தடத்தில் நள்ளிரவு தாண்டியும் வண்டி ஓடுகிறது, பால்குடத்தோடு நிற்க இடமில்லாமல்.