106-வது ஆளை எப்படி அளப்பது? மேக்ஸ் கிராஸ்பி கணக்கு

[திரை: கருப்புப் பின்னணி. நடுவில் ரெண்டே எண்கள்: 4, 106]

2019 ஏப்ரல், நாஷ்வில் நகரம், என்எஃப்எல் ட்ராஃப்ட். அதாவது, அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லோட அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் ஒரே வேலைக்கு ரெண்டு பேரை எடுத்தாங்க. வேலை என்னன்னா, தற்காப்பு வரிசையோட ஓரத்துல நின்னு எதிரணி குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவரை, துரத்திப் பிடிக்கிறது. 4-வது தேர்வா க்ளெம்சன் பல்கலைக்கழகத்து க்ளீலின் ஃபெரல் வந்தார். நாலாவது சுற்றுல, 106-வது தேர்வா ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மேக்ஸ் கிராஸ்பி வந்தார்.

[திரை: ரெண்டு பேருக்கும் கீழே சாக் எண்ணிக்கை ஏறுகிறது]

ஃபெரல் ரெய்டர்ஸ்ல நாலு சீசன் ஆடி மொத்தம் 10 சாக் எடுத்தார். கிராஸ்பி அந்த 10-ஐ முதல் சீசன்லயே எடுத்துட்டார். பந்தை வீசுறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக்கை ஆட்டம் தொடங்கின கோட்டுக்குப் பின்னால வீழ்த்தினா அதுக்குப் பேர்தான் சாக்.

ரெய்டர்ஸுக்கு லாட்டரி அடிச்சதுன்னு சொல்லிட்டுப் போயிடலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா ட்ராஃப்டுக்கு முன்னாடி எல்லா அணி கையிலயும் இருந்த தகவலை மட்டும் மேசையில பரப்பிப் பார்ப்போம். பின்னால நடந்தது எதையும் இப்போதைக்கு எடுத்துக்க வேண்டாம்.

[திரை: கிராஸ்பியின் கல்லூரி எண்கள், 2017 / 2018]

முதல்ல, ஏன் தள்ளிப் போட்டாங்க? மூணு காரணம், மூணுமே நியாயமான சந்தேகம்தான். ஈஸ்டர்ன் மிச்சிகன் ஆடுறது மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ்ங்கிற சின்னக் கல்லூரிக் குழுவுல. அங்கே எதிர்ல நிக்கிற டாக்கிள்கள்ல, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்க வரிசையோட ஓரத்துல நிக்கிற தடுப்பாளர்கள்ல, பெரும்பாலானவங்க என்எஃப்எல் பக்கமே போகாதவங்க. ரெண்டாவது, எடை. 6 அடி 5 அங்குல உயரத்துக்கு 255 பவுண்டு, அதாவது 116 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த உயரத்துக்கு இது ஒல்லி உடம்பு. மூணாவது, 2017-ல 11 சாக் எடுத்தவர் 2018-ல ஏழரைக்கு இறங்கிட்டார்.

இந்த மூணாவது காரணத்துலதான் பலரும் வழுக்கி விழறாங்க. அதே வருஷத்து இன்னொரு வரியைப் பாருங்க. பந்து வச்சிருக்கிறவனைக் கோட்டுக்குப் பின்னாலயே மடக்கின எண்ணிக்கை பதினாறரையில இருந்து 19-க்கு ஏறியிருக்கு. அதோட நாலு முறை பந்தைத் தட்டிப் பறிகொடுக்க வச்சிருக்கார். சாக் இறங்குது, எதிரணி முதுகுக்குப் பின்னால நடக்கிற சேதம் ஏறுது. இப்படி ரெண்டு எண் எதிரெதிர் திசையில போனா, ஆட்டக்காரர் மங்கிட்டார்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி வீடியோவைத் திறக்கணும்.

[திரை: மேலிருந்து எடுத்த கோணம். ஐந்து தடுப்பாளர்கள், எதிரே நான்கு பேர்]

க்ளெம்சன் வரிசையை இப்ப நினைச்சுப் பாருங்க. ஃபெரலோட சேர்ந்து நடுவுல நின்ன ரெண்டு பேர் கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ். அதே ட்ராஃப்டோட முதல் சுற்றுல வில்கின்ஸ் 13-வது, லாரன்ஸ் 17-வது. ஒரே வரிசையில மூணு முதல் சுற்று ஆட்கள்! எதிரணிக்கு இருக்கிறதோ அஞ்சு தடுப்பாளர். நடுவுல இருக்கிற ரெண்டு மலையை விட்டுட்டு ஓரத்துக்கு ஒரு ஆளைக் கூடுதலா அனுப்ப முடியுமா? அதனால ஓரத்துல நிக்கிறவருக்கு ஒத்தைக்கு ஒத்தை சண்டை தாராளமா கிடைக்கும். 2018-ல ஃபெரல் எடுத்த பதினொன்றரை சாக்கை இந்தப் பின்னணியில வச்சுத்தான் படிக்கணும்.

சின்னக் கல்லூரியில ஒரே ஒருத்தர்தான் அபாயமானவர்னா கதை வேற. எதிரணியோட தடுப்பு வரிசையே அவர் பக்கம் சாயும். டைட் எண்ட், அதாவது தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்றவர், ஓடுற வழியில ஒரு இடி இடிச்சுட்டுப் போவார். பந்தோட ஓடுற வேலைக்காரரான ரன்னிங் பேக் பின்னால காத்து நிப்பார். சாக் குறையறதுக்கு இது போதும்.

[திரை: வெறும் தாள். நான்கு கட்டங்கள் கையால் வரையப்படுகின்றன]

அதனால சாக்கை எண்ணாதீங்க, பிரிங்க. ஒவ்வொரு சாக்கையும் ஓட்டிப் பார்த்து நாலு கட்டத்துல ஒண்ணுல போடுங்க. எதிர்ல நின்னவரை ஜெயிச்சு எடுத்தது, முதல் கட்டம். யாருமே தடுக்காம விட்டது, ரெண்டாவது. கூட்டாளியோட இடம் மாறிப் புகுந்து கிடைச்சது, மூணாவது. குவார்ட்டர்பேக் நாலு, அஞ்சு வினாடி பந்தைக் கையில வச்சுட்டுத் திண்டாடினதால விழுந்தது, நாலாவது. என்எஃப்எல்லுக்கு அப்படியே கொண்டு போகக்கூடியது முதல் கட்டம் மட்டும்தான். 12 சாக் எடுத்த ஒருத்தருக்கு முதல் கட்டத்துல மூணுதான் தேறுதுன்னா, அவர் மூணு சாக் ஆட்டக்காரர்.

இதுக்கு மேல, சாக் ஆகாத பாய்ச்சலையும் எண்ணணும். மூணு முழு ஆட்டம் எடுத்துக்கோங்க, எதிரணி பந்து வீசுற ஒவ்வொரு முறையும் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். ஸ்நாப் ஆன, அதாவது ஆட்டம் தொடங்க பந்து குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால போன, நொடியில இருந்து ரெண்டரை வினாடிக்குள்ள தடுப்பவரைத் தாண்டினாரா? ஆமாவா இல்லையா, அவ்வளவுதான். இந்த ரெண்டரை வினாடி சும்மா வந்த எண் இல்ல. பெரும்பாலான வீச்சுகள் ரெண்டரையில இருந்து மூணு வினாடிக்குள்ள கையை விட்டுப் போயிடும். அதுக்கு மேல ஜெயிச்சா, பந்து போன பிறகு வந்து கட்டிப் பிடிக்கிறதுதான்.

[திரை: கிட்டத்தில். தரையில் ஊன்றிய ஒரு கை, பக்கத்தில் பந்து]

இப்ப வீடியோவுக்குள்ள போவோம். முதல்ல ஸ்நாப். பந்து அசையுற ஃப்ரேம்ல நிறுத்துங்க. அங்கிருந்து ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்துங்க. வினாடிக்கு 30 ஃப்ரேம் ஓடுற வீடியோவுல ஒரு ஃப்ரேம்ங்கிறது 33 மில்லி வினாடி. நாலு பேர்ல யார் கை முதல்ல தரையை விட்டுக் கிளம்புது? ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஒரு ஃப்ரேம், ரெண்டு ஃப்ரேம் முன்னாடி கிளம்பினா அது உண்மையான வேகம். ஒரு எச்சரிக்கை: சிலர் பந்தைப் பார்க்காம குவார்ட்டர்பேக் போடுற சத்தத்தை ஊகிச்சுக் கிளம்புவாங்க. கல்லூரியில அது வேகமாத் தெரியும். என்எஃப்எல்ல அனுபவசாலி குவார்ட்டர்பேக் சத்தத்தை மாத்திப் போட்டு இழுத்து விட்டுடுவார், அஞ்சு யார்டு அபராதம். அவர் ஆஃப்சைட், அதாவது ஸ்நாப்புக்கு முன்னாடியே கோட்டைத் தாண்டி, எத்தனை முறை போயிருக்கார்னு பார்த்தா இது பிடிபடும்.

அடுத்து கை. என்னைக் கேட்டா மொத்த வேலையில முக்கால்வாசி இங்கேதான் இருக்கு.

[திரை: மெதுவான ஓட்டம். தோள் முதல் இடுப்பு வரை மட்டும்]

வெட்டி ஏத்துற ஒரு பாய்ச்சலை மெதுவா பார்ப்போம். டாக்கிள் பின்னால சறுக்கிக்கிட்டே ரெண்டு கையையும் மார்பை நோக்கி விடுறார். ஓரத்துல வர்றவர் தன் வெளிப்பக்கக் கையால டாக்கிளோட வெளி மணிக்கட்டை மேலிருந்து கீழா வெட்டறார். முழங்கையில வெட்டினா பிரயோஜனம் இல்ல, கை சட்டுனு திரும்பி வந்துடும். மணிக்கட்டுல விழணும். அதே அடியில உள்பக்கக் கை டாக்கிளோட அக்குளுக்கு அடியில புகுந்து மேல கிளம்புது. அந்த நேரம் உள்தோளைக் கீழே இறக்கணும். மார்பு தெரிஞ்சா பிடிக்க இடம் கிடைக்கும். தோள்முனை மட்டும் தெரிஞ்சா டாக்கிள் கைக்குக் காத்துதான் கிடைக்கும். பிறகு வெளிக்கால் பாதம் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பணும். பாதம் நேரா மைதானத்தோட கடைசியைப் பார்த்துக்கிட்டே இருந்தா, எவ்வளவு வேகம் இருந்தும் குவார்ட்டர்பேக்கைத் தாண்டி ஓடிடுவார். டாக்கிளும் முதுகுல கை வச்சு "போய்ட்டு வா"ன்னு அனுப்பி வச்சிடுவார். கல்லூரி ஆட்களோட ரொம்பச் சாதாரணமான தப்பு இது.

வெட்டு எப்ப விழுதுங்கிறதும் முக்கியம். டாக்கிள் கை நீள்ற முன்னாடியே வெட்டினா, அவர் கையை இழுத்துக்கிட்டு மறுபடி விடுவார். மார்பைத் தொட்ட பிறகு வெட்டினா பிடி விழுந்திருக்கும். நடுவுல இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில பத்துக்கு எத்தனை முறை கை சரியா விழுதுன்னு எண்ணுங்க. முதல் அடி தோத்தா ரெண்டாவது அடி இருக்கான்னும் பாருங்க. கிராஸ்பியோட கல்லூரி வீடியோவுல என் கண்ணுல முதல்ல பட்டது அதுதான்: மாட்டிக்கிட்டாலும் கால் நிக்கல, கை ஓயல.

[திரை: எல் வடிவில் மூன்று கூம்புகள்]

ட்ராஃப்டுக்கு முன்னாடி ஆட்டக்காரர்களோட உடல்திறனைச் சோதிக்கிற இண்டியானாபொலிஸ் கம்பைனுக்கு வருவோம். டிவியில பெருசா காட்டுறது 40 யார்டு ஓட்டம். கிராஸ்பி 4.66 வினாடி, நல்ல நேரம்தான். ஆனா ஓர ஆட்டக்காரர் 40 யார்டு நேரா ஓடுற சந்தர்ப்பம் ஒரு ஆட்டத்துல எத்தனை முறை வரும்? அவருக்கு வேண்டியது ஏழு, எட்டு யார்டு வளைஞ்ச பாதை. அதுக்குக் கிட்ட வர்றது மூணு கூம்பு ஓட்டம். அஞ்சு யார்டு இடைவெளியில எல் வடிவத்துல மூணு கூம்பு. முதல்ல இருந்து ரெண்டாவதுக்குப் போய்த் தொட்டுத் திரும்பி, மறுபடி போய் ரெண்டாவதைச் சுத்தி, மூணாவதை வளைச்சுக்கிட்டு, வந்த வழியே திரும்பணும். மொத்தம் 30 யார்டு. அந்த மூணாவது கூம்பைச் சுத்துறப்ப உடம்பு எவ்வளவு சாயுது, வேகம் எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. டாக்கிளோட தோளைச் சுத்துற அசைவும் கிட்டத்தட்ட அதேதான்.

250 பவுண்டுக்கு மேல இருக்கிறவர் இதை 7 வினாடிக்குள்ள முடிச்சா கவனிக்கணும். கிராஸ்பி முடிச்சது 6.89. ஃபெரலுக்கு ஏழேகால் வினாடி ஆச்சு. ஆனா ஃபெரல் கை நீளம் 34 அங்குலத்துக்கு மேல, கிராஸ்பிக்கு 33-க்குச் சற்றுக் குறைவு. கை நீளத்தைப் பார்த்து மயங்கினவங்களும் இருப்பாங்க. நீளமான கை நல்லதுதான், ஆனா வளைவு இல்லாத உடம்புல அது பாதி ஆயுதம்.

சின்னக் கான்ஃபரன்ஸ் சந்தேகத்துக்கும் இங்கேதான் ஒரு பதில் கிடைக்குது. எதிர்ல நிக்கிறவர் மட்டமானவரா இருந்தா சாக் ஊதிப் பெருக்கும். 6.89 அப்படி இல்ல, எதிர்ல நிக்கிறது பிளாஸ்டிக் கூம்பு. அது எல்லாருக்கும் ஒண்ணு. வீடியோவுக்கு வேணும்னா, பெரிய கல்லூரிக்கு எதிரா ஆடின ஆட்டத்தை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. 2018 செப்டம்பர்ல ஈஸ்டர்ன் மிச்சிகன் பர்டூ மைதானத்துக்கே போய் 20-19-ன்னு ஜெயிச்சது. முதல்ல திறக்க வேண்டிய கோப்பு அதுதான்.

[திரை: ரெண்டு தடுப்பாளர்கள் ஒருவரை நெருக்குகிறார்கள்]

எடை சந்தேகம் மட்டும் உண்மையிலேயே நின்னது. எதிரணி பந்தை வீசாம கையில வச்சுக்கிட்டு ஓடுறப்ப டாக்கிளும் டைட் எண்டும் சேர்ந்து இடிச்சா, 255 பவுண்டு பின்னால போகும். இங்கே பார்க்க வேண்டியது ஆள் நகர்றாரா இல்லையாங்கிறது மட்டும் இல்ல, எப்படி நகர்றார்ங்கிறதும்தான். முழங்கால் நேராகி, இடுப்பு மேல எழும்பிச் சரிஞ்சா அது நுட்பக் குறை, கத்துக் கொடுக்கலாம். இடுப்பு கீழே இருந்தும் சறுக்கினா அது பலக் குறை, ரெண்டு வருஷம் எடைப் பயிற்சி கேட்கும். முதலாவது கேஸ்ல நாலாவது சுற்றுத் தேர்வைச் செலவழிக்கலாம்னு நான் சொல்வேன். ரெண்டாவதுல யோசிப்பேன்.

நடு வரிசையில ஆடுறவங்களுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. அங்கே உயரம் குறைவா இருக்கிறதே சில நேரம் சாதகம், தாழ்ந்து நிக்கிறவன்தான் ஜெயிப்பான். 6 அடி 1 அங்குலம்னு ஒதுக்கப்பட்ட ஜீனோ அட்கின்ஸ் 2010-ல 120-வது தேர்வு, 2012-ல பன்னிரண்டரை சாக். க்ளெம்சன்ல இருந்து 2015-ல 137-வதா போன க்ரேடி ஜாரட், என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல்ல, 51-வதுல, குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை மூணு முறை சாய்ச்சார். அது தனி வீடியோவுக்கான விஷயம்.

[திரை: 17 நவம்பர் 2019. ரெய்டர்ஸ் 17, பெங்கால்ஸ் 10]

இனி ட்ராஃப்டுக்குப் பின்னால நடந்ததைத் தொடலாம். முதல் சீசன்ல கிராஸ்பி எடுத்த அந்த 10 சாக்ல நாலு, பெங்கால்ஸுக்கு எதிரான இந்த ஒரே ஆட்டத்துல வந்தது. பார்த்ததும் கைதட்டத் தோணும். ஆனா கல்லூரிக்கு வச்ச அதே தராசை இங்கேயும் வைங்க. பெங்கால்ஸ் அன்னிக்கு வரைக்கும் அந்த சீசன்ல ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. குவார்ட்டர்பேக் ரயன் ஃபின்லி ஒரு புதுமுகம். நாலையும் நாலு கட்டத்துல போட்டுப் பாருங்க, எல்லாமே முதல் கட்டத்துல விழாது.

நிஜமான பரீட்சை 2021. சாக் எட்டுதான். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவங்களுக்கு இது சுமாரான சீசன். ஆனா குவார்ட்டர்பேக்கை நெருக்கின எண்ணிக்கையில லீக்கோட உச்சியில நின்னவர் கிராஸ்பி. அந்த எட்டு சாக் சீசன் முடிஞ்சு, 2022 மார்ச்ல ரெய்டர்ஸ் அவருக்கு நாலு வருஷ நீட்டிப்பு கொடுத்தாங்க, ஏறக்குறைய 99 மில்லியன் டாலர். அடுத்த சீசன்ல சாக் பன்னிரண்டரை.