வெயில் எந்தக் கல்லில் நிற்கிறது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை மூன்று நாளாக விடவில்லை. அதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “சின்னச் சின்ன சந்தோஷங்களையும் பருவ மாற்றத்தையும் ரசியுங்கள் என்று போன பேச்சில் சொன்னீர்கள். நம் ஊரில் வெயில், கடும் வெயில் என்று இரண்டுதானே இருக்கிறது? என் வீட்டில் முற்றமும் இல்லை, மரமும் இல்லை. நான் எதை ரசிப்பது?”

நியாயமான கேள்வி. இலை சிவந்து உதிர்வதும் பனி கொட்டுவதும் படத்தில் பார்த்துப் பார்த்து, பருவம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் நம் முன்னோர் இந்த மண்ணில் இருந்துகொண்டேதான் ஆறு பருவம் எண்ணினார்கள். ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில். சித்திரை வெயிலுக்குப் போய் ‘இள’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். வேம்பு பூத்து வாசலெல்லாம் கொட்டிக் கிடக்கிற காலம் அது. அந்தப் பூவைக் கூட்டிச் சுளகில் புடைத்துக் காயவைத்தவர்களுக்குத்தான் அந்தப் பெயர் தோன்றியிருக்கும்.

நான் அடிக்கடி சொல்வதுதான், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்: நம் ஊரில் பருவம் ஆரவாரமாக வராது. வெயில் தரையில் பதினைந்து நாளைக்கு ஒரு கல் நகரும், அவ்வளவுதான். ஆத்தங்குடித் தரைக் கல்லைப் பற்றிப் பேசிய அன்று இதைத் தொட்டுவிட்டு நேரமில்லாமல் விட்டுவிட்டேன். இன்று முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வளவில் நடுவே முற்றம், சுற்றித் தாழ்வாரம். தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் சாயத்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்களே, அந்தக் கல்தான். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். ஆவணிக் கடைசி வரை உச்சி வெயில் முற்றத்தைத் தாண்டி வடக்குத் தாழ்வாரத்துக்குள் வராது. அதற்கப்புறம் மெல்ல உள்ளே எட்டிப் பார்க்கும். புரட்டாசியில் முதல் கல், இரண்டாம் கல். ஐப்பசி பிறக்கும்போது நாலாம் கல். மார்கழியில் எட்டாம் கல் வரை வந்து, சில நாள் அங்கேயே அசையாமல் நிற்கும். அப்புறம் வந்த வழியே திரும்பும். சூரியன் தெற்கே சாயச் சாய வெயில் வடக்கே உள்வாங்குகிற கணக்குதான் இது. ஆனால் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அப்பத்தா.

அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிப்போயிருந்தது. தாழ்வாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் மதியச் சோற்றுக்கு ஓடி வந்ததும் முதல் கேள்வி: “ஏ அப்பு, வெயில் எத்தனாவது கல்லுல நிக்கிது?” நான் எண்ணிச் சொல்ல வேண்டும். ஒருநாள் விளையாட்டு அவசரத்தில் பார்க்காமலே “ஆறு” என்று சொல்லிவிட்டேன். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. மெல்லக் கீழே உட்கார்ந்தபடியே நகர்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்தார்கள். சில்லென்று இருந்தது போல, அடுத்த கல்லுக்குப் போனார்கள். அதுவும் சில்லென்றுதான். மூன்றாவதில் கை நின்றது. விரலை விரித்து, பாதி உள்ளங்கை சூட்டிலும் பாதி குளிர்ச்சியிலும் இருக்கும்படி அந்த விளிம்பிலேயே வைத்துக்கொண்டு, “எட்டு. நோன்பு வந்துருச்சுடா” என்றார்கள். அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். நோன்பு என்றால் நகரத்தார் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு. 21 இழை நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். குழந்தையாக இருந்தபோது அந்த ஒரு நொடிக்காக எத்தனை நாள் காத்திருப்போம்! நாள்காட்டி சுவரில் தொங்கத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்கு நோன்பைக் கூட்டி வந்தது எட்டாம் கல்தான். ஆடியில் காற்று கதவை அறைய ஆரம்பித்தால், உளுந்தும் பாசிப்பருப்பும் வறுபடும் வாசனை வரும். கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கும்மாயம் கிண்டுவார்கள். இப்போது அது வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கிறது. கிடைக்கட்டும், நல்லதுதான். ஆனாலும் அந்தக் காற்றோடு சேர்த்துத் தின்றால் அதன் ருசியே வேறு.

சரி, சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். முற்றம் இல்லை என்கிறீர்கள். தெற்கே பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தால் போதும். கம்பி நிழல் தரையில் எதுவரை வருகிறது என்று தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு கல். நீங்கள் ஒரே இடத்தில் இருந்து பார்த்தால்தான் அது நகர்வது தெரியும்.

ஒருநாள் முடிந்தால் நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வாருங்கள். வடகிழக்கு மழையில் கண்மாய் பெருகியதும் நத்தைகுத்தி நாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து கூடு கட்டும். குஞ்சுகள் மிரளும் என்று வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வெடி ஆசை இருக்கும். ஆனாலும் நாரை வந்து இறங்குவதைப் பார்க்கிற சந்தோஷம் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “எதை ரசிப்பது” என்று கேட்டீர்கள். “யாரிடம் சொல்வது” என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். இந்த மூன்று நாளும் நான் யோசித்தது அதைத்தான். அப்பத்தாவுக்கு வெயிலைப் பார்க்க முடியாது. ஆனால் கேட்க ஒரு பேரன் இருந்தான். எனக்குப் பார்க்கக் கண் இருந்தது. ஆனால் அவர்கள் கேட்டிருக்காவிட்டால் நான் ஒருநாளும் குனிந்து பார்த்திருக்க மாட்டேன். மூன்றாவது மாடியில் தனியாக இருந்தால், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, “இன்னிக்கு வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்துருச்சும்மா” என்று சொல்லுங்கள். அவர்கள் பதிலுக்கு ஏதாவது சொல்வார்கள். வேப்பம்பூ கொட்டுகிறது என்பார்கள், இல்லை நுங்கு வந்துவிட்டது என்பார்கள்.

உங்களுக்கு யாரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். ஒரு வேலையும் தருகிறேன். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், ஏப்ரல் 16 வாக்கில், நம் காரைக்குடிக்கு நேர் மேலே சூரியன் வரும். ஆவணியில், ஆகஸ்ட் 27 வாக்கில், திரும்ப ஒருமுறை வரும். அன்று மதியம் 12 மணி 15 நிமிடத்துக்கு மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்துங்கள். நிழல் விழாது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவிலே உச்சி நிழல் தெற்கே விழும், மற்ற நாட்களில் வடக்கே. அந்த நிழலில்லாத நிமிடத்தை நீங்கள் பார்த்ததும், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த பேச்சில் அதை நான் முதலில் வாசிக்கிறேன்.