செத்த சர்வரும் சோர்ந்த சர்வரும்

வணக்கம் நேயர்களே. செல்போனில் 'பெங்களூரா மாங்கன்று' என்று தட்டினால் சந்தூர்ப் பக்கத்து நர்சரிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்தத் தேடலுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இல்லை, பல கம்ப்யூட்டர்கள். அவற்றைத்தான் சர்வர் என்கிறோம். அதில் ஒன்று படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. ஓசூரிலும் பெங்களூரிலும் இந்த வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் கொஞ்சம் கணக்கும் வரும்.

தேடல் அட்டவணையை, அதாவது இண்டெக்ஸை, துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒரு துண்டு ஒரு ஷார்டு. அதன் நகலான ரெப்ளிகா வேறொரு சர்வரில் இருக்கும். இப்படிப்பட்ட தேடலை நடத்தும் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச், மூலத்தையும் அதன் நகலையும் ஒரே சர்வரில் வைக்காது. ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு சர்வரும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே நெட்வொர்க் சுவிட்சில் தொங்கினால், பதிவேட்டின் இரண்டு படிகளையும் ஒரே பீரோவில் பூட்டிய கதைதான். எந்த சர்வர் எந்த ரேக்கில், அதாவது எந்த சர்வர் அலமாரியில், இருக்கிறது என்று எலாஸ்டிக்சர்ச்சின் செட்டிங்கில் எழுதிவையுங்கள். எழுதினால்தான் அது பிரித்து வைக்கும்.

இப்போது கணக்கு. மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றும் 70 சதவீத பாரத்தில் ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மொத்தம் 210ஐ இரண்டே பேர் சுமக்க வேண்டும், ஆளுக்கு 105. கொஞ்ச நேரத்தில் அடுத்ததும் விழும். 60 சதவீதம் என்றால் ஆளுக்கு 90. மூச்சு வாங்கும், ஆனால் நிற்கும். இந்த 60ஐ மாம்பழ சீசன் கூட்டத்தில் அளக்க வேண்டும், ஆள் இல்லாத மார்கழி ராத்திரியில் அல்ல.

சரி, விழுவது என்றால் என்ன? எல்லோரும் செத்த சர்வரைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சோர்ந்த சர்வருக்கு. புரோகிராம் நின்றுபோனால் இணைப்பு அறுந்துவிடும். எலாஸ்டிக்சர்ச் அந்த சர்வரை உடனே கூட்டத்திலிருந்து நீக்கி, நகலை மூலத்தின் இடத்துக்கு உயர்த்திவிடும். சோர்ந்த சர்வர் அப்படியில்லை. ஒவ்வொரு சர்வரையும் ஒரு விநாடிக்கு ஒரு தடவை 'இருக்கிறாயா' என்று தலைமை சர்வர் கேட்கும். 10 விநாடிக்குள் பதில் வராமல், அதுவும் தொடர்ந்து மூன்று தடவை வராமல் போனால்தான் நீக்கும். டிஸ்க் தேய்ந்து போன சர்வர் 'இருக்கிறேன்' என்று சட்டென்று சொல்லிவிடும். தேடல் கேட்டால்தான் எட்டு விநாடி இழுக்கும். எலாஸ்டிக்சர்ச் ஓடுகிற ஜாவாவின் நினைவகம் நிரம்பி, வேண்டாததை அள்ளிப்போடுகிற நேரத்தில் அந்த 'இருக்கிறேன்' கூடத் தாமதமாகலாம். ஆனால் கெடுவுக்குள் வந்துவிட்டால் சர்வர் கூட்டத்திலேயே இருக்கும்.

ஒரு சர்வர் சோர்ந்தால் ஏன் எல்லாம் சோர்கிறது? ஒரு தேடல் எல்லா ஷார்டுக்கும் போகிறது. கடைசியாக வருகிற பதிலுக்காக மற்றதெல்லாம் காத்திருக்கும். எலாஸ்டிக்சர்ச்சின் 7ஆம் பதிப்பிலிருந்து வேகமாகப் பதில் தருகிற நகலுக்கே கேள்வியை அனுப்பும் வசதி தானாகவே இயங்குகிறது, நல்லதுதான். ஆனால் எழுதும் வேலை அப்படித் தப்ப முடியாது. மூலத்தோடு இணைந்து நிற்கிற எல்லா நகலும் எழுதி முடித்தால்தான் 'ஆயிற்று' என்று பதில் வரும். அதனால் நேயர்களே, சர்வர் நலமா என்று பார்க்க, 'இருக்கிறாயா' என்று மட்டும் கேட்கிற பிங் போதாது. ஒரு நிஜத் தேடலை அனுப்பிப் பாருங்கள், எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று குறியுங்கள். காலக்கெடு வையுங்கள். கெடு தாண்டினால் வேறு நகலிடம் ஒரே ஒரு தடவை கேளுங்கள். மூன்று தடவை கேட்டால், ஏற்கெனவே தள்ளாடும் அமைப்புக்கு மூன்று மடங்கு சுமை. திரும்பவும் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை.

திரும்பி வந்த சர்வருக்கும் உடனே முழு பாரம் தராதீர்கள். நினைவகத்தில் ஒன்றும் இருக்காது, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் போய் எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

அடுத்தது, அவசரப்படாமல் இருப்பது. சர்வர் காணாமல் போனால் எலாஸ்டிக்சர்ச் ஒரு நிமிடம் காத்திருந்துதான் புது நகல் எடுக்கத் தொடங்கும். கரண்ட் போய் வந்து சர்வர் எழுந்திருக்க அதற்கு மேல் ஆகலாம். 500 ஜிபியை, வழக்கமான வரம்பான விநாடிக்கு 40 எம்பி வேகத்தில் நகலெடுக்க மூன்றரை மணி நேரம் ஆகும். திட்டமிட்டு நிறுத்தும்போது அந்த ஒரு நிமிடத்தைப் பத்தாக்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கையும் பாருங்கள்: 85 சதவீதம் நிறைந்தால் புது நகலை ஏற்காது, 95 ஆனால் அதிலுள்ள இண்டெக்ஸில் எழுதவே விடாது.

தலைமை சர்வரைத் தேர்ந்தெடுக்க, ஓட்டுள்ள சர்வர்களில் பெரும்பான்மை ஓட்டு வேண்டும். மூன்று ஓட்டில் இரண்டு. இரண்டே ஓட்டு வைத்திருந்தால் ஒன்று போனதும் தேர்தலே நடக்காது. நாலு வைத்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம், மூன்றுக்கும் அதே நிலைதான். சோலர் (Solr) என்கிற இன்னொரு தேடல் மென்பொருளுக்குத் துணை நிற்கும் ஜூகீப்பரும் இதே கணக்குத்தான்: மூன்று, அல்லது ஐந்து.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஸ்னாப்ஷாட், அதாவது இண்டெக்ஸின் அந்த நேரத்து நிலையைத் தனியாகச் சேமித்த படி, அது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகல் என்பது பேக்கப் அல்ல. தவறுதலாக ஒரு இண்டெக்ஸை அழித்தால் நகலும் சேர்ந்தே அழியும். தினமும் ஸ்னாப்ஷாட் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதைத் தனி சர்வரில் மீட்டு, ஆவண எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.