கார்ல் டிரைஸ்: சைக்கிளுக்கு முன்னோடி செய்த பிரபு, அவருடைய குடும்பம்

[திரை: மான்ஹைம் நகர வரைபடம். தெற்கே ஷ்வெட்ஸிங்கன் போகும் சாலை சிவப்புக் கோடாக ஓடுகிறது]

1817 ஜூன் 12. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 32 வயதுப் பிரபு ஒருவர், முன்னொரு சக்கரம் பின்னொரு சக்கரம் வைத்த மர வண்டியில் உட்கார்ந்து, தரையைக் காலால் உந்திக்கொண்டே கிளம்புகிறார். தபால் வண்டிக் குதிரைகளை மாற்றும் விடுதிவரை போய்த் திரும்புகிறார். போக வர ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

கார்ல் ஃபான் டிரைஸ். சைக்கிள் வரலாற்றை எல்லோரும் இந்த நாளிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நாம் அவருடைய வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அவருக்குக் கிடைத்த சலுகையும் சரி, விழுந்த அடியும் சரி, பாதிக்குமேல் குடும்பத்தின் வழியாக வந்தவை.

[திரை: பாடன் நாட்டின் எல்லைகள்]

பாடன் அப்போது தனி நாடு. டிரைஸ் குடும்பத்துக்குப் பாரன் என்ற பிரபுப் பட்டம் இருந்தது. பிழைப்பு என்னவோ அரசு உத்தியோகம்தான். அப்பா நீதிபதி. சித்தப்பா வனத்துறை அதிகாரி, சொந்தமாக வனக்கல்விப் பள்ளி நடத்தியவர். 1785 ஏப்ரல் 29 அன்று கார்ல்ஸ்ரூவே நகரில் பிறந்த கார்ல், அந்தப் பள்ளியில் படித்து, ஹைடல்பர்க்கில் கணிதமும் கட்டடக்கலையும் படித்து, வனத்துறையிலேயே சேர்ந்தார். சில வருடங்களில் வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். சம்பளம் மட்டும் நிற்கவில்லை! கண்டுபிடிப்பாளருக்கு இதைவிட நல்ல உதவித்தொகை கிடைக்குமா?

முதலில் செய்தது, உட்கார்ந்திருப்பவரே மிதித்து ஓட்டும் நாலு சக்கர வண்டி. 1814இல் ஐரோப்பிய அரசுகள் கூடிய வியன்னா மாநாட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினார், எடுபடவில்லை. அதன் பிறகுதான் இரண்டு சக்கரம்.

[திரை: வண்டியின் பக்கவாட்டு வரைபடம். பாகங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உடல் முழுக்க மரம். எடை சுமார் 22 கிலோ, இன்றைய கனமான சைக்கிள் அளவுதான். சக்கரம் 27 அங்குலம், சுற்றிலும் இரும்புப் பட்டை. அச்சு சுழலும் இடத்தில் உராய்வைக் குறைக்கும் பித்தளை உறை (புஷ்). சீட்டின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உட்கார்ந்தால் பாதம் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். கால் எட்டாமல் நுனிவிரலால் உந்தினால் வேகமும் வராது, விழும்போது ஊன்றவும் முடியாது.

சீட்டுக்கு முன்னால் மெத்தை வைத்த ஒரு பலகை. முழங்கைகளை அதில் ஊன்றிக்கொள்ள வேண்டும். வண்டியைத் திருப்பும் கம்பி தனி. அதைக் கையால் லேசாகப் பிடித்தால் போதும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், திருப்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் ஓடும்போது சக்கரம் தானாக நேர்ப்பாதைக்கு வரப் பார்க்கும். பின்சக்கரத்துக்குக் கயிறு இழுத்துப் போடும் பிரேக்கும் இருந்தது.

புதிதாக ஓட்டுபவர் விழுவது எங்கே? வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் கம்பியையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். பயத்தில் கை எதிர்ப்பக்கம் திருப்பும், ஆள் கீழே. இன்னொன்று, மெதுவாகப் போகும்போதே இரண்டு காலையும் தூக்கிவிடுவது. நாலு எட்டு உந்தி வேகம் பிடித்த பிறகுதான் தூக்க வேண்டும்.

சாலைதான் பெரிய தொல்லை. குதிரை வண்டிகள் உழுத சக்கரத் தடத்தில் இரும்புப் பட்டைச் சக்கரம் சிக்கினால் திருப்பவே முடியாது. அதனால் ஓட்டியவர்கள் நடைபாதையில் ஏறினார்கள். நடப்பவர்கள் சும்மா இருப்பார்களா? மான்ஹைம், மிலான், லண்டன் என்று தடை பரவி, கல்கத்தா வரை போனது. பூட்ஸ் தேய்ந்தது தனிக் கணக்கு.

[திரை: முத்திரையிட்ட உரிமைப் பத்திரம்]

1818 ஜனவரி 12 அன்று பாடன் அரசு அவருடைய வண்டிக்குப் பத்து வருடக் கண்டுபிடிப்பு உரிமை கொடுத்தது. இயந்திரவியல் பேராசிரியர் பட்டமும் ஓய்வூதியமும் கொடுத்தது. ஆனால் பாடன் உரிமை பாடன் எல்லையோடு சரி. வெளியே தச்சர்கள் தங்கள்பாட்டுக்குச் செய்து விற்றார்கள். லண்டனில் டெனிஸ் ஜான்சன் இரும்புப் பாகங்கள் சேர்த்து இன்னும் மெலிதாகச் செய்தார்.

அடுத்த அடி அப்பா வழியாக வந்தது. 1819 மார்ச்சில் மான்ஹைமில் நாடகாசிரியர் கோட்ஸெபூவை, கார்ல் சாண்ட் என்ற மாணவர் குத்திக் கொன்றார். மறு வருடம் மே 20 அன்று சாண்டின் தலை துண்டிக்கப்பட்டது. பாடனின் மிக உயர்ந்த நீதிபதி அப்போது டிரைஸின் அப்பா. சாண்டைத் தியாகியாகக் கொண்டாடிய மாணவர்கள் கோபத்தை மகன் மேலும் காட்டினார்கள். 1822இல் டிரைஸ் பிரேசிலுக்கு நில அளவையாளராகப் போய்விட்டார்; திரும்பியது 1827இல். வண்டி மோகம் ஏற்கெனவே தணிந்திருந்தது. வண்டி மோசம் என்பதால் அது தோற்றது என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்; சாலையும் தடையும் சேர்ந்து அதை முடக்கின.

இடையில் விசைகளை அழுத்தி எழுத்துப் பதிக்கும் கருவி, விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்பு என்று வேறு வேலைகளும் செய்தார்.

[திரை: 1849, கார்ல்ஸ்ரூவே தெருவில் புரட்சிக் கூட்டம்]

அப்பா அரசுத் தரப்பு, மகன் குடியரசுக்காரர். 1849 புரட்சியின்போது டிரைஸ் பாரன் பட்டத்தை வெளிப்படையாகத் துறந்து, ‘குடிமகன் கார்ல் டிரைஸ்’ என்று அறிவித்தார். இன்னொரு ஜெர்மன் நாடான பிரஷ்யாவின் படை வந்து புரட்சியை நசுக்கியது. அரசுத் தரப்பினர் டிரைஸைப் பைத்தியம் என்று அறிவித்து அடைக்கப் பார்த்தார்கள். புரட்சியின் செலவை ஈடுகட்ட என்று சொல்லி ஓய்வூதியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1851 டிசம்பர் 10 அன்று கார்ல்ஸ்ரூவேயில் கையில் காசில்லாமல் இறந்தார். முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டிகள் பாரிஸில் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தது 1860களின் பிற்பகுதியில்.