ஒண்டிக்கு ஒண்டி வா என்கிறவர்களுக்கு

(காசிமேட்டில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பின்னால் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விளையாட்டும் ஒழுக்கமும்’. அந்தத் தலைப்பில் பேசினால் பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவீர்கள். அதனால் நேராகச் சண்டையைப் பற்றியே பேசிவிடுகிறேன். ஒழுக்கம் அதற்குள் எங்கேயாவது வந்தால் வரட்டும்.

இங்கே இருக்கிற தம்பிகளில் முக்கால்வாசிப் பேர் மனசுக்குள் ஒரு சண்டையை ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். மின்ட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள், ஒருத்தன் முறைக்கிறான். அவன் அப்படியே போய்விடுகிறான், நீங்களும் வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். ராத்திரி படுத்த பிறகுதான் சண்டை ஆரம்பிக்கிறது. அவன் ஒரு வார்த்தை விடுகிறான், நீங்கள் ஒன்று விடுகிறீர்கள், அப்புறம் ஒரே அடி. அவன் கூட்டாளிகள் நாலு பேர் வருகிறார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருத்தனாக வந்து வாங்கிக்கொண்டு போகிறான்.

அந்தக் கற்பனையில் எதிராளிக்குக் கை கால் இருக்கும், ஆனால் சொந்தமாக ஒரு யோசனை இருக்காது. நீங்கள் அடித்து முடிக்கிறவரை பொறுமையாக நிற்பான். உங்களுக்கு மூச்சு வாங்காது. உங்கள் மூக்கை யாரும் தொட மாட்டார்கள். செல்போனில் வருகிற ‘கழுத்தைப் பிடித்தால் இப்படித் திருப்பு, கையைப் பிடித்தால் அப்படி மடக்கு’ வீடியோக்களும் இந்த ரகம்தான். பிடித்தவன் பிடித்த கையை விடாமல், அடுத்து ஒன்றும் செய்யாமல், திருப்புவதற்குத் தோதாக நின்றுகொண்டிருப்பான்.

இப்போது ரிங்குக்கு வாருங்கள். அமெச்சூர் குத்துச்சண்டையில் மூன்று ரவுண்டு. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. மூணு நிமிஷம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றுகிறவர்கள் இரண்டு கையையும் கன்னத்துக்கு நேராகத் தூக்கி, நான் சொல்கிறவரை அப்படியே வைத்திருங்கள். (சிலர் தூக்கினார்கள்.) யாரையும் அடிக்க வேண்டாம், யாரும் உங்களை அடிக்கப் போவதும் இல்லை. சும்மா வைத்திருங்கள்.

புதுப் பையனை நாங்கள் உடனே ஸ்பாரிங்கில், அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவதில், இறக்குவதில்லை. நிற்கிற நிலை, கால் நகர்த்தல், ஸ்கிப்பிங், ஆளில்லாமல் காற்றில் குத்துகிற ஷேடோ என்று முதலில் காலைச் சரி செய்வோம். பிறகு தொங்குகிற குத்துமூட்டையை, அதாவது பேக்கை, அடிக்கவிடுவோம். பேக் அடிக்கிற அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. சத்தம் பெரிதாகக் கேட்கும், பேக் ஆடும், பையன் செல்போனில் வீடியோ எடுத்துப் போடுவான். பேக் திருப்பி அடிக்காது என்பது அவனுக்கு ஞாபகமே வராது.

ஒரு நாள் சாயங்காலம் அவனுக்கு எதிரில் ஒருத்தனை நிறுத்துவோம். பெரிய ஆள் எல்லாம் இல்லை, இவனைவிட ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவன், அதே எடை. தலைக்காப்பு உண்டு, 16 அவுன்ஸ் கிளவுஸ், அதாவது நல்ல தடியான பஞ்சு. மணி அடித்ததும் முதல் ஜாப், அதாவது முன்கையால் நேராக விடுகிற குத்து, மூக்கில் லேசாக விழும். கண்ணில் தண்ணீர் வரும். அது அழுகை இல்லை. மூக்கில் அடி விழுந்தால் நரம்பு வழியாகக் கண்ணீர் தானாகச் சுரக்கிறது, எவ்வளவு பெரிய வீரனுக்கும் சுரக்கும். பையன் கண்ணை மூடுவான். முகத்தைத் திருப்புவான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வான். இதுதான் அவனைக் கவிழ்ப்பது. அட்ரினலின் ஏறியிருக்கும், இதயம் தடதடவென்று அடிக்கும், உடம்பு முழுக்க இறுக்கிக்கொண்டு நிற்பான். மூச்சும் விடவில்லை என்றால் ஒரு நிமிஷத்துக்குள் கை கீழே இறங்கிவிடும். கையைத் தூக்கச் சொல்லி நான் கத்துவேன், அது அவன் காதில் விழாது. பேக்கில் பழகிய அழகான தொடர் குத்துகள் எல்லாம் மறந்துபோகும். கற்பனையில் நாலு பேரை அடித்தவனுக்கு எதிரில் நிற்கிற ஒருத்தனின் தோளைக்கூடத் தொட முடியாது.

(கையை இறக்கிவிட்டீர்களா? இன்னும் மூன்று நிமிஷம் ஆகவில்லை.)

இதற்கப்புறம் சிலர் வர மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, எல்லோரும் அடி வாங்க வேண்டும் என்று சட்டமா? திரும்பி வருகிறவனிடம் ஒரு மாறுதல் தெரியும். பேச்சு குறையும். ‘அவனை ஒரே அடியில் சாய்ச்சிடுவேன்’ என்கிற வசனம் அவன் வாயிலிருந்து வராது, ஏனென்றால் ஒரே அடி என்பது எவ்வளவு கஷ்டமான சமாச்சாரம் என்று அவனுக்கு இப்போது தெரியும். கோபக்காரனும் சீக்கிரம் பாடம் படிப்பான். கோபத்தில் கை அகலமாகச் சுழலும், முகத்தைக் காக்கிற கை விலகும், எதிராளியின் அடி நேராக உள்ளே வரும். ‘கோபப்படாதே’ என்று அம்மா பதினைந்து வருஷம் சொன்னதை நேராக வருகிற ஒரு வலது கைக் குத்து பதினைந்து நொடியில் சொல்லிவிடும்.

சண்டைக் கலைகளில் ஒரு பழைய வாதம் இருக்கிறது. ‘எங்கள் வித்தை பயங்கரமானது, நிஜமாகப் பிரயோகித்தால் ஆள் செத்துவிடுவான், அதனால்தான் நாங்கள் மோதிப் பழகுவதில்லை’ என்பார்கள். 1882இல் தோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ இதை வேறு மாதிரி யோசித்தார். உயிருக்கு ஆபத்தான அடிகளை மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார். மிச்சமிருந்த எறிதல், பிடி, நெரிப்பு இவற்றை, விழ மறுக்கிற ஒருத்தனிடம் முழு பலத்தோடு தினமும் பழகச் சொன்னார். ராண்டோரி என்பது அதன் பெயர். ஒரு தடவைகூட நிஜமாகச் செய்து பார்க்காத கொலைப் பிடியைவிட, முரண்டு பிடிக்கிறவனிடம் ஆயிரம் தடவை செய்து பார்த்த சாதாரண எறிதல் பலமானது என்பதுதான் கணக்கு.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் ஜப்பானில்தான் நடந்தது. யானகி ரியூகென் என்று ஒரு ஆசான். தொடாமலேயே, கையை அசைத்தே, சீடர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்ப்பார். 2006இல், குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கலப்புச் சண்டை வீரர் ஒருவரோடு மோதினார். கொஞ்ச நேரத்திலேயே முகத்தில் ரத்தத்தோடு முடிந்தது. 2017இல் சீனாவின் செங்டு நகரத்தில் தை சி என்ற சீனக் கலையின் ஆசான் ஒருவர் ஷூ ஷியாவ்தோங் என்கிற சண்டைப் பயிற்சியாளரின் முன்னால் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. இந்த வீடியோக்களைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த ஜப்பானிய ஆசான்மேல் பரிதாபம்தான் வருகிறது. அவர் ஊரை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. தன் சக்தியை அவரே நம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் மோதப் போயிருக்கவே மாட்டார். வருஷக்கணக்காகச் சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் மரியாதைக்காக விழுந்து கொடுத்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? நம் ஏரியாவிலும் ‘தல, தல’ என்று பின்னால் நாலு பேர் சுற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சிலம்பத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தொட்டுப் புள்ளி எடுக்கிற போட்டி சிலம்பத்திலும் உண்டு. தனியாகக் கம்பு சுற்றுவதும், எதிரில் ஒருத்தன் கம்போடு வருவதும் ஒன்றா என்று அதில் ஆடியவர்களையே கேளுங்கள். ஜிம்மில் உடம்பை ஏற்றியிருக்கிற தம்பிகளுக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. என்கிற கலப்புச் சண்டைப் போட்டியில் எடைப் பிரிவே கிடையாது. ஜெயித்த ராய்ஸ் கிரேசி சுமார் 80 கிலோதான். ஒரே ராத்திரியில் மூன்று பேர், தன்னைவிட நன்றாகக் கனமான ஒருத்தர் உட்பட. யாரையும் அவர் குத்திச் சாய்க்கவில்லை. தரைக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார், அவர்களே போதும் என்றார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். வடசென்னைக்குக் குத்துச்சண்டை துறைமுகத்தோடும் வெள்ளைக்காரனோடும் வந்தது. துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள், அதாவது குத்துச்சண்டைக் குழுக்கள், உண்டாயின. கண்ணப்பர் திடலில் போட்டி என்றால் கூட்டம் நெரியும். 1980இல் முகமது அலியே மெட்ராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் சென்னையின் வி. தேவராஜன் வெண்கலம் வாங்கினார். 2019 தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற கலைவாணியும் சென்னைப் பெண்தான்.

இத்தோடு நிறுத்தினால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் ரிங்கில் கற்றதை அடியாள் வேலைக்கு விற்றவர்களும் இதே தெருக்களில் இருந்தார்கள் என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். பரம்பரை ரோஷம் ரிங்குக்கு வெளியே ரகளையாக முடிந்ததும் தெரியும். ஆகவே, பாக்ஸிங் கற்றால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. குத்தக் கற்ற ரவுடி, கற்காத ரவுடியைவிட மோசம்.

என்ன வித்தியாசம் செய்கிறது என்றால், என் அனுபவத்தில், ஸ்பாரிங் பார்ட்னர். எதிரில் நிற்கிறவன் தன் தலையை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறான். அவன் வேலைக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். அவனை நான் உடைத்துவிட்டால் நாளைக்கு எனக்குப் பழக ஆள் இல்லை. பலம் எவ்வளவு இருக்கிறதோ அதில் எவ்வளவு விட வேண்டும் என்பதை ஒவ்வொரு ரவுண்டிலும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு சீனியர் எப்படிப்பட்டவன் என்று பார்க்க, அவனை இன்னொரு சீனியரோடு ஆடவிட்டு நான் பார்ப்பதில்லை. சின்னப் பையனோடு ஆடவிடுவேன். அடிக்க முடிகிறபோது அடிக்காமல், ‘கையைத் தூக்குடா, திறந்திருக்கு’ என்று சொல்லி அந்த இடத்தை லேசாகத் தொட்டுக் காட்டுகிறவன் தேறிவிட்டான். சின்னவனைச் சாய்த்துவிட்டுச் சுற்றிப் பார்க்கிறவன் எத்தனை மெடல் வாங்கினாலும் எனக்குப் பிரயோஜனமில்லை.

அப்புறம், கிளவுஸ் போட்டவனால் தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்க முடியாது. கயிறு கட்ட, தலைக்காப்பு மாட்ட, வாயில் தண்ணீர் ஊற்ற இன்னொரு கை வேண்டும். வெளியில் பார்த்தால் முறைத்துக்கொள்கிற இரண்டு ஏரியாப் பசங்கள் இங்கே ஒருத்தன் கிளவுஸை ஒருத்தன் கட்டிவிடுகிறார்கள். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பெண்ணிடம் ஒரு ரவுண்டு முழுக்க ஜாப் வாங்கிவிட்டு, கிளவுஸைத் தட்டி ‘தேங்க்ஸ்’ சொல்லிப் போகிற பையனுக்குத் தெருவில் யாரிடம் கெத்து காட்ட வேண்டியிருக்கிறது?

தெரு என்றால் வேறு கணக்கு. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற கை எலும்பு. டாக்டர்கள் அதற்கு பாக்ஸர் முறிவு என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அடி வாங்கி விழுகிறவன் தலை பிளாட்பாரக் கல்லில் பட்டால் சண்டை கொலை கேஸாகிவிடும். கத்தியைப் பிடுங்கும் வித்தை வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். வெள்ளை பனியன் போட்டுக்கொள், நண்பன் கையில் சிவப்பு மார்க்கர் பேனா கொடு, அரை நிமிஷம் அவன் இஷ்டத்துக்குக் குத்தட்டும், நீ பிடுங்கு. முடிந்த பிறகு பனியனைப் பார். அதற்கப்புறம் யாரும் அந்த வித்தையைக் கேட்பதில்லை. ஓடுவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள், நானும் சந்தோஷமாகச் சொல்லித் தருகிறேன். காலையில் ஓட வைப்பது பின்னே எதற்கு? அரசு வேலைக்குப் போனால் போலீஸ் விசாரணை வரும், அதில் ஒரு அடிதடி கேஸ் நிற்கும் என்பதையும் மதில்மேல் இருக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. தலையில் அடி வாங்கினால் மூளைக்கு ஆகாதே? ஆகாதுதான். பல வருஷம் அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்கள் தடுமாறுவதையும் பேச்சு குழறுவதையும் 1928இலேயே மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவிட்டார். அதனால்தான் நிஜமான பயிற்சி என்றால் தினமும் மண்டையை உடைத்துக்கொள்வது என்று நினைக்கிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள் என்கிறேன். எதிர்ப்பு நிஜமாக இருக்க வேண்டும், வேகம் இருக்க வேண்டும், பலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல ஸ்பாரிங்கில் பெரும்பகுதி அப்படித்தான். அடிக்குப் பிறகு வாந்தி, விடாத தலைவலி, பேச்சில் குழப்பம் என்று எது தெரிந்தாலும் உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். டாக்டர் சொல்கிறவரை ரிங் பக்கம் வரக்கூடாது. ‘ஆம்பளப் பையன், தாங்குவான்’ என்று கோச் சொன்னால் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் வந்து ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதுப் பையனை யாரோடு ஆடவிடுகிறார்கள், பெண்பிள்ளைகள் பயமில்லாமல் இருக்கிறார்களா, அடி பலமாகப் போனால் கோச் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கிற கோப்பைகளைப் பார்க்க வேண்டாம், அவை எங்கேயும் கிடைக்கும்.

எங்களிடம் வருகிறவர்கள் கிளவுஸ் வாங்க வேண்டியதில்லை, தலைக்காப்பும் இருக்கிறது. பல்லுக்கு மாட்டுகிற டீத் கார்டு மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு வாருங்கள். சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து அவரவர் பல்லுக்கு அமைத்துக்கொள்ள வேண்டும், ஒருத்தருடையது இன்னொருத்தருக்கு ஆகாது. அண்ணனுடையதைக் கழுவி எடுத்துவந்தேன் என்று தயவுசெய்து யாரும் வராதீர்கள். நன்றி, வணக்கம்.