தாழ்ந்த நிலத்தில் நின்ற தண்ணீர் இனி எங்கே போகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

குடியிருப்பை ஒட்டி ஒரு தாழ்வான நிலம். கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கும். மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஒருநாள் அங்கே பலகை வைக்கிறார்கள்: இத்தனை ஏக்கரில் இத்தனை வீடுகள் வரப்போகின்றன, ஆட்சேபணை இருந்தால் இன்ன தேதிக்குள் தெரிவிக்கலாம். அன்று மாலையே தெருவில் பேச்சு தொடங்கிவிடும். “இதை மேடாக்கினால் தண்ணீர் முழுக்க நம் வீட்டுக்குள்தான் வரும்.”

இப்படிச் சொல்பவர்களுக்கு வழக்கமாக ஒரு பதில் கிடைக்கும். “நீங்கள் மட்டும் வீடு கட்டிக்கொண்டீர்கள், அடுத்தவன் கட்டக் கூடாதா?” வடிகால் வேலையிலேயே வெகுகாலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் பயத்தைப் பயமாகவே கொண்டுபோனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அது எடுபடாது. கேள்வியாக மாற்றிக் கொண்டுபோக வேண்டும். எந்தக் கேள்வி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் ஓர் ஏக்கரில் விழுவது 4 லட்சம் லிட்டர். 25 ஏக்கர் என்றால் ஒரு கோடி லிட்டர். செடியும் புல்லும் உள்ள நிலத்தில் இதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும், ஒரு பகுதி பள்ளத்தில் தங்கும், மிச்சம் மெதுவாக வெளியேறும். கூரை, சிமெண்ட் தரை, தார்ச்சாலை என்று மூடிவிட்டால் கிட்டத்தட்ட எல்லாமே ஓடி வந்துவிடும்.

அதைவிட முக்கியம், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி வரும் என்பது. திரையரங்கில் படம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே கதவை நோக்கி வந்தால் என்ன ஆகும்? அதே கூட்டம் அரைமணி நேரம் பரவலாக வெளியேறினால் எந்தத் தொல்லையும் இருக்காது. வெள்ளத்துக்கு மழையின் மொத்த அளவு ஒரு காரணம் என்றால், தண்ணீர் வந்து சேரும் வேகம் இன்னொரு காரணம். அந்தத் தாழ்வான நிலம் இத்தனை காலமும் அந்த வேகத்தைத்தான் மட்டுப்படுத்திக்கொண்டிருந்தது.

அப்புறம், மண் கொட்டி மேடாக்குவது. பத்து ஏக்கர் பள்ளத்தை ஒரு மீட்டர் உயர்த்தினால், 4 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கக்கூடிய இடம் காணாமல் போகிறது. புது வீடுகள் நனையாது, அது உண்மை. கட்டுபவர் கொடுக்கும் அறிக்கையிலும் “இந்தத் திட்டத்தில் உள்ள வீடுகளுக்கு வெள்ள அபாயம் இல்லை” என்றுதான் இருக்கும். அதில் பொய்யே இல்லை. ஆனால் நாம் கேட்க வேண்டியது வேறு. முன்பு இங்கே நின்ற தண்ணீர் இனி எங்கே போய் நிற்கும்? கூட்டத்துக்குப் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இந்த ஒரு கேள்வியை மறக்கக் கூடாது. மற்றதெல்லாம் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

“அதெல்லாம் பார்த்துவிட்டோம், தேக்கக் குட்டை ஒன்று வெட்டுகிறோம், அங்கிருந்து குழாய் வழியாக மெதுவாக வெளியே விடுவோம்” என்பார்கள். சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குட்டையின் அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் அடிமட்டத்துக்கு மேலே ஏறிவிடும் இடமாக இருந்தால், அந்தக் குட்டை பெருமழைக்கு முன்பே பாதி நிரம்பிவிடும். காகிதத்தில் காட்டிய கொள்ளளவு மழை நாளில் கிடைக்காது. சதுப்பை ஒட்டிய நிலங்களில் இதுதான் நடக்கும். மண்பரிசோதனையை எந்த மாதத்தில் செய்தார்கள் என்று அறிக்கையில் தேடிப் பாருங்கள். கோடையில் குழி தோண்டி “தண்ணீர் தென்படவில்லை” என்று எழுதியிருந்தால், அதை வைத்து மழைக்காலத்தைக் கணக்குப் போட முடியாது.

அடுத்தது குழாய். வெளியே போகும் தண்ணீர் எந்த வாய்க்காலில் சேர்கிறது, அந்த வாய்க்கால் எந்தக் கல்வெர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) வழியாகப் போகிறது என்று நீங்களே நடந்து போய்ப் பார்க்கலாம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை, கையில் ஓர் அளவுநாடா இருந்தால் போதும். ஒரே சரிவில் போட்ட குழாய்களில், 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் கொண்டுபோகும் தண்ணீரை 300 மில்லிமீட்டர் குழாய் பாதி அளவுக்குக் கொண்டுபோகாது; ஆறில் ஒரு பங்குதான் கொண்டுபோகும். புதுக் குடியிருப்புக்குள் அகலமான குழாய்களைப் போட்டுவிட்டு, எல்லைக்கு வெளியே பழைய சின்னக் குழாயில் கொண்டுபோய் இணைப்பது அடிக்கடி நடக்கிறது. திட்ட வரைபடம் மனையின் எல்லையோடு முடிந்துவிடும். தண்ணீரோ அங்கிருந்துதான் உங்கள் பக்கம் வரத் தொடங்கும். அந்தப் பழைய கல்வெர்ட்டில் பாதிக்கு வண்டல் அடைத்திருந்தால், அதையும் அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள்.

வாய்க்கால் போய்ச் சேரும் ஆற்றிலோ ஏரியிலோ நீர்மட்டம் ஏறியிருந்தால், குழாய் எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. தண்ணீர் எதிர்த்துக்கொண்டு பின்னால் வரும். பெருமழை நாளில் வாசல் வடிகால் மூடியிலிருந்து தண்ணீர் மேலே கொப்பளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். “வெளியே நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும்போது உங்கள் குழாய் எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகும்?” இதற்கு எண்ணில் பதில் வேண்டும்.

இன்னொரு வாதம் வரும்: “இது சதுப்பு நிலமே இல்லை. வருஷத்தில் ஏழெட்டு மாதம் காய்ந்து கிடக்கும் தரிசு.” ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தம் 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தமே நிரந்தரமாக நீர் நிற்கும் இடங்களோடு தற்காலிகமாக நிற்கும் இடங்களையும் ஈரநிலம் என்றுதான் சொல்கிறது. உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் நிலம் என்ன சொல்கிறது என்று பார்க்க ஒரு கடப்பாரை போதும். நில உரிமையாளரின் அனுமதியோடு ஓர் அடி, ஒன்றரை அடி தோண்டி, ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே மண் சாம்பல் நிறத்தில் இருந்து, அதில் வேர் ஓடிய தடங்களை ஒட்டித் துருப்பிடித்தது போலச் செம்பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால், அங்கே தண்ணீர் நீண்ட நாட்கள் நின்றிருக்கிறது. காற்றுப் புகாத ஈர மண்ணில் இரும்புச் சத்து கரைந்து நகர்ந்துவிடும், அதனால் மண் வெளிறிவிடும். வேர் வழியாகக் கொஞ்சம் காற்றுப் போகும் இடத்தில் மட்டும் இரும்பு துருவாகப் படியும். நடுக்கோடையிலும் இந்தத் தடம் அழியாது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த நிலத்தை வெறும் தரிசு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஈரநிலத்தைத் தொடாமல் விட்டால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகர் வழியாக ஓடும் சார்லஸ் ஆற்றைக் காட்டலாம். அங்கே வெள்ளத்தைக் கட்டுப்படுத்த என்ன செய்யலாம் என்று அந்நாட்டு ராணுவப் பொறியாளர் படை ஆராய்ந்தது. ஆற்றின் மேற்பகுதியில் ஏற்கெனவே இருந்த சதுப்புகள் வெள்ளத்தை வாங்கித் தேக்கி மெதுவாக விடுவதைக் கவனித்தார்கள். புதிய அணை கட்டுவதைவிட, அந்தச் சதுப்புகளில் யாரும் மண் கொட்டாமல் பார்த்துக்கொள்வதே சிக்கனம் என்று முடிவு செய்தார்கள். 1974-இல் அனுமதி கிடைத்தது. சுமார் 8,000 ஏக்கரில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கினார்கள். மீதியில் கட்டடம் எழுப்பாமல் இருக்க உரிமையாளர்களிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கான்கிரீட் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் எடுத்த முடிவு இது என்பதால் எனக்கு இதில் தனி மதிப்பு.

எதிர்ப்பக்கத்துக்கு அதே அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர். 1940-களில் அங்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத் தேக்கங்கள் கட்டினார்கள். முழுக் கொள்ளளவுக்குத் தண்ணீர் ஏறினால் மூழ்கக்கூடிய நிலம் அத்தனையையும் அரசு வாங்கவில்லை. வாங்காமல் விட்ட பகுதியில் காலப்போக்கில் குடியிருப்புகள் வந்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையில் தேக்கத்தின் நீர் அந்த வீடுகளுக்குள் ஏறியது. ஆயிரக்கணக்கான வீடுகள். வழக்குப் போய், 2019 டிசம்பரில் அரசே பொறுப்பு என்று கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றம் சொன்னது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வீட்டு மனை போட அனுமதித்தால், மனையை வாங்கிய குடும்பமும் சேர்ந்துதான் தவிக்கும். ஆகவே பழைய குடியிருப்பில் இருப்பவர்கள் எழுப்பும் கேள்வி, நாளை அங்கே குடிவரப் போகிறவர்களுக்காகவும்தான்.

“நூறு ஆண்டு வெள்ளத்தைத் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறோம்” என்ற வரியும் அறிக்கையில் இருக்கும். நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 வருஷ வீட்டுக் கடன் அடைத்து முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கு ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு உண்டு. அதுவும் பழைய மழை அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு.

கழிவுநீரையும் மறந்துவிடக் கூடாது. நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் செப்டிக் டேங்க் தண்ணீரை மண் உறிஞ்சாது. வெளியேறி மழைநீரோடு கலக்கும். கொசுவைப் பற்றியும் கேட்பார்கள். மீனும் தட்டானின் இளம்புழுக்களும் வாழும் சதுப்பில் கொசுப்புழுக்களை அவை தின்றுவிடும். அந்த இடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஆங்காங்கே தேங்கும் குட்டைகளாக ஆக்கிவிட்டால்தான் கொசு பெருகும்.

இந்தச் சதுப்புக்குப் பதிலாக வேறொரு இடத்தில் புதிதாக ஒன்று உருவாக்கித் தருகிறோம் என்றும் சில திட்டங்களில் சொல்வதுண்டு. அது பறவைக்கு ஓரளவு உதவலாம். பல மைல் தள்ளி வெட்டிய குளம் உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது.

வீடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகை வீட்டில் நெருக்கிக்கொண்டு வாழும் குடும்பங்கள் எங்கும் இருக்கின்றன. அவர்களுக்கும் கூரை வேண்டும். ஒரே நிலத்திலும் மேடு, பள்ளம் இருக்கும். மேட்டுப் பகுதியில் வீடுகளை நெருக்கமாகக் கட்டி, பள்ளத்தை அப்படியே விட்டுவிடும் அமைப்பு சாத்தியம்தானா என்று கேளுங்கள். பல நேரங்களில் யாரும் கேட்காததாலேயே அதை யாரும் வரைந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது அதிகாரியிடம் இல்லாத தகவல். எந்த மழைக்குத் தண்ணீர் எந்த வீட்டின் எத்தனையாவது படி வரை வந்தது, எத்தனை மணி நேரம் நின்றது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கைபேசியில் எடுத்த பழைய படங்களைத் தேதியோடு சேருங்கள். சுவரில் படிந்த நீர்க்கோட்டைத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். மூத்தவர்களிடம் கேட்டு முந்தைய வெள்ளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றை ஒரு தெரு வரைபடத்தில் ஏற்றி, கையெழுத்துப் போட்டு, கடைசித் தேதிக்கு முன்பே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். “எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்” என்ற மனுவுக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். அளவும் தேதியும் உள்ள மனுவுக்கு அப்படி எழுத முடியாது.

கட்டி முடித்துச் சாவி கொடுத்த பிறகு அந்தத் தேக்கக் குட்டையையும் வடிகாலையும் தூர்வாருவது யார்? கட்டுமான நிறுவனமா, குடியிருப்போர் சங்கமா, உள்ளாட்சியா? பணம் எங்கிருந்து வரும்? வேலை நடக்கும் காலத்தில் கொட்டிய மண் மழையில் கரைந்து உங்கள் வாய்க்காலை அடைத்தால் அதை எடுப்பது யார்? இவற்றுக்கு வாய்வார்த்தையில் உறுதி தந்தால் ஏற்காதீர்கள். அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்; பொறுப்பாளர் யார் என்பதும் வருஷத்தில் எந்த மாதத்துக்குள் தூர்வாரி முடிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.