150 ரூபா பெக் பாரும் கண்ணு மூக்கு இல்லாத குடமும்

ஹாய் மக்களே! ஃபேன ஆஃப் பண்ணிட்டுத்தான் உக்காந்திருக்கேன். போன வீடியோவுல ஃபேன் சத்தம்தான் கேக்குது, நீ பேசறது கேக்கலன்னு அவ்ளோ பேர் கழுவி ஊத்தியிருந்தீங்க. வேர்த்துக் கொட்டுது, பரவால்ல. இன்னிக்கு இத காட்டியே ஆகணும். இருங்க, கிட்ட கொண்டு வர்றேன். ஃபோகஸ் ஆகு... ஆகு... ஆங், தெரியுதா?

பெக் பார்! எனக்குன்னே செஞ்ச பெக் பார். 150 ரூபா!

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சொல்லிடறேன். ஒரு குடத்த வெச்சு மூணு நிமிஷ அனிமேஷன் படம் பண்ணிட்டிருக்கேன். கையில வரைஞ்சு அனிமேஷன் பண்றப்ப ஒவ்வொரு பேப்பரும் அதே இடத்துல உக்காரணும். அரை மில்லிமீட்டர் நகந்தாக்கூட ஓட்டிப் பாக்கும்போது படமே நடுங்கும். அதுக்குத்தான் பேப்பர்ல ஓட்ட போட்டு இந்த முளையில மாட்டறது. ஸ்டுடியோல இருக்கறது ஆக்மி பெக்குன்னு சொல்வாங்க, நடுவுல உருண்ட, ரெண்டு பக்கமும் பட்டை. அந்த ஓட்ட போடறதுக்குத் தனி பஞ்ச் மிஷின் வேணும். அதோட விலைய பாத்ததும் டேப்ப மூடிட்டேன். ஆன்லைன்ல சாதா ரெண்டு முளை பெக் பாரும் இருக்கு, பிளாஸ்டிக், 900 ரூபா. ஃப்ரெண்டு ஒருத்தி வாங்கினா, அதுல முளை ஆடுது. ஆடற முளைக்கு 900 ரூபாயா? போங்கடா.

இப்ப கேளுங்க. ஆபீஸ்ல ஃபைல் போடற பஞ்சிங் மிஷின் இருக்குல்ல? ரெண்டு ஓட்ட போடற மிஷின்னா நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல 80 மில்லிமீட்டர்தான். ஐஎஸ்ஓ அளவு, அதாவது உலகப் பொது அளவு. என் மிஷின்ல ஓட்ட ஒவ்வொண்ணும் 6 மில்லிமீட்டர். அப்ப அந்த அளவுக்கு ரெண்டு முளை கெடச்சா போதும்ல? நேரா சென்னை பாடிக்குப் போனேன், ஒரு லேத் பட்டறைக்கு. நான் பெருமையா மூணு பக்கமும் ஷேடிங் போட்டு வரைஞ்ச டிராயிங்க நீட்டினா, அந்த அண்ணன் அத திரும்பிக்கூட பாக்கல. "சைஸ் மட்டும் சொல்லும்மா."

ஓட்ட போட்ட பேப்பர வாங்கி வெர்னியர வெச்சாரு, நுணுக்கமா அளக்கற கருவி அது. "ஆறுக்கு ஆறு போட்டா டைட்டாயிடும், மாட்டி மாட்டி எடுக்கறப்ப பேப்பர் கிழியும். அஞ்சு புள்ளி ஒம்போது போடறேன்." நான் ஒண்ணுமே சொல்லல, அவரே கண்டுபிடிச்சுட்டாரு! அலுமினியம் ராடுல ரெண்டு முளை கடைஞ்சு, எம்எஸ் ஃபிளாட்ல, அதாவது இரும்புப் பட்டையில, ஓட்ட போட்டு, அடியிலேர்ந்து ஸ்க்ரூ. இங்க பாருங்க, முளையோட தலைய லேசா சீவி விட்டிருக்காரு, பேப்பர் தானா வழுக்கி இறங்கும். இத கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நாலு வருஷம் அனிமேஷன் படிக்கிறவளுக்கு இல்லாத அறிவு பாஸ் அது.

ஆங், பேப்பர் சொல்லாம விட்டுட்டேன். பீச் ஸ்டேஷன்ல இறங்கி ஆண்டர்சன் ஸ்ட்ரீட். கல்யாணப் பத்திரிகைக் கடையெல்லாம் தாண்டிப் போனீங்கன்னா பேப்பர் மண்டிங்க. 70 ஜிஎஸ்எம் வாங்குங்க, ஜிஎஸ்எம்னா பேப்பரோட கனம். 100 வேணாம், லைட் பாக்ஸ்ல, அதான் அடியில வெளிச்சம் வர்ற வரையற பலகையில, கீழ்த்தாள்ல இருக்கற கோடு சரியா தெரியாது. கணக்குப் போட்டுக்கோங்க: செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினா 12 படம். மூணு நிமிஷப் படத்துக்கு 2,160. ரஃப் தனி. ஒரு ரீம்ல 500 தாள். அந்த மூட்டையத் தூக்கிட்டு ட்ரெயின்ல வந்தேன், ஒருத்தர்கூட சீட் குடுக்கல, அது வேற கதை.

சரி, படம். குடம் படம்தான், ஆமா, இன்னும் அதேதான். 2019 ஜூலைல சென்னைல தண்ணிப் பஞ்சம்னு ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? 50 வேகன், 25 லட்சம் லிட்டர், வந்து நின்னது எங்க வில்லிவாக்கம் ஸ்டேஷன்ல. நான் அப்ப ஸ்கூல். ஊரே ரயில வீடியோ எடுத்துச்சு. எனக்கு என்னமோ எங்க தெருக்கோடியில லாரிக்காகக் காத்துட்டிருந்த குடங்கதான் மனசுல நின்னுச்சு. ஆளுங்க வீட்டுக்குப் போயிடுவாங்க, குடம் வரிசையில நிக்கும். குடம் இல்லாதவங்க செங்கல்லு வெப்பாங்க, பிஞ்ச செருப்பு வெப்பாங்க. அதுவும் வரிசைதான்! படத்துல ஒரு ஆரஞ்சு குடம், அதோட ஆளு வரவே இல்ல. வர்றவன் போறவன்லாம் அத கால்லயே தள்ளி விடறான். அவ்ளோதான் கதை.

இதுக்குக் கண்ணு மூக்கு வெய்யின்னு சொல்றவங்க கமெண்ட் பண்ணவே வேணாம். சீரியஸா. குடத்துக்கு மூஞ்சி வெச்சா அது டூத்பேஸ்ட் விளம்பரம். எனக்கு வேண்டியது வெயிட். காலிக் குடத்த தட்டினா துள்ளும், உருளும், வாய் தரையில பட்டு டொக்குன்னு நிக்கும். அதே குடம் ரொம்பிடுச்சுன்னா 15 லிட்டர், 15 கிலோ, தள்ளினா அடி நகராது, உள்ள தண்ணிதான் மேல ஏறி விளிம்புல வழியும். காலேஜ்ல மாவு மூட்டைய வெச்சு எக்சர்சைஸ் குடுப்பாங்கல்ல, மூஞ்சி இல்லாமலே சந்தோஷம் சோகம் காட்டணும்னு, அதே விஷயம்தான். எங்க பெரியம்மாவ இடுப்புல குடத்தோட நடக்க வெச்சு வரைஞ்சேன். குடம் இடது இடுப்புல இருந்தா உடம்பு வலப்பக்கம் சாயுது, வலது கை தானா வெளிய விரியுது. "தண்ணிய ஊத்திட்டு நடக்கறேனே"ன்னாங்க. விடல. காலிக் குடத்தோட நடந்தா அந்தக் கை விரியாது.

ஸ்கிரிப்ட்டு. ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு சொல்லுவாங்க, கூரியர்ங்கற எழுத்துரு 12 பாயிண்ட்ல. வசனமே இல்லாத படத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. "குடங்கள் நகர்கின்றன"ன்னு ஒரே வரி, அது படத்துல 20 செகண்டு ஓடும். அதனால ஸ்டாப் வாட்ச வெச்சு நானே நடிச்சுப் பாத்து எக்ஸ் ஷீட்ல எழுதறேன், எந்த ஃப்ரேம்ல எந்தப் படம்னு குறிக்கற அட்டவணை அது. அதோட "குடம் சோகமாக இருக்கிறது"ங்கற மாதிரி வரி எல்லாத்தையும் அடிச்சுட்டேன், அத எப்டி வரையறது? இப்ப என்ன எழுதியிருக்குன்னா: "குடத்தின் வாயில் ஈ உட்காருகிறது. பக்கத்துக் குடத்தை ஆள் வந்து தூக்குகிறாள். ஈ பறக்கிறது." இது வரையலாம்!

வசனம் இல்லாம மூணு நிமிஷம் யார் பாப்பான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. சார், 2025ல ஆஸ்கர் வாங்கின ‘ஃப்ளோ’ முழுநீளப் படம், வசனமே கிடையாது, லாட்வியாக்காரங்க பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல பண்ணது. நீங்களும் நானும் ஓசியில டவுன்லோடு பண்ற அதே பிளெண்டர். அப்ப ஏன் கையில வரையறேன்னா, பிளாஸ்டிக் நெளியறது எனக்குப் பென்சில்லதான் வருது. தெரு மட்டும் பிளெண்டர், கலர் கிரிட்டாங்கற வரையற சாஃப்ட்வேர்ல. ஆரஞ்சு இன்னும் முடிவாகல, அடுத்த வீடியோவுல காட்டறேன்.

இப்ப ஒரு ஹெல்ப். அடிபம்ப் சத்தம் வேணும். நெட்ல கெடைக்கறதெல்லாம் பெரிய போர்வெல் பம்ப், கட்டக் குரல். எனக்கு வேண்டியது பழைய வீட்டு வாசல்ல இருக்குமே, கைப்பிடி மேல போறப்ப க்ரீச்சுன்னு கத்தும், கீழ வர்றப்ப மூச்சு வாங்கும், அது. புரசைவாக்கம், அயனாவரம், பெரம்பூர் பக்கம் யார் வீட்லயாவது இன்னும் இருந்தா கீழ கமெண்ட்ல போடுங்க, ரெக்கார்டரோட வந்துடறேன். தண்ணி வரலன்னாலும் ஓகே. ஆனா தயவுசெஞ்சு நான் வர்ற வரைக்கும் யாரும் எண்ணெ போட்டுடாதீங்க. பை!